கைக்கூலியையும் கணக்கில் எழுதுவோம்

தண்ணீரூற்றுச் சகோதரிகளோடு தொழில் பற்றிக் கதைத்தால், 1990களின் பொருளாதாரத் தடைக்காலம் தவறாமல் பேச்சில் வந்துவிடும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு விளக்கெரித்தோம். போத்தலே சிமினியும் ஆனது. சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம்.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை இடைநிறுத்தியது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். எரிவாயு இல்லாமல் பலர் விறகடுப்புக்குத் திரும்பினர். இடியப்பம் அவித்து விற்ற சிலர், வாங்குவோர் குறைவரென்று அஞ்சி விலையைக் கூட்டவில்லை. மாவுக்கும் தேங்காய்க்கும் கணக்குப் பார்த்தார்கள். விறகுக்கும் தங்கள் கைக்கூலிக்கும் பார்க்கவில்லை. துண்டுவிழுந்த காசுக்கு நுண்கடன் எடுத்தார்கள். பிறகு கிழமைக்குக் கிழமை தவணைக்காரர் படலையில் நின்றார்.

சகோதரிகளே, புதிய தொழில் தொடங்கமுன் ஒரு கொப்பியில் மூன்று கேள்விகளை எழுதுங்கள். மூலப்பொருள் எங்கள் ஊரிலேயே கிடைக்குமா? வாங்குவோர் அருகில் உண்டா? எல்லாச் செலவும் போக என் உழைப்புக்குக் கூலி மிஞ்சுமா? மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றால், கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். முதலில் பத்து நாட்களுக்குச் சிறிதாகச் செய்து பாருங்கள். வரவையும் செலவையும் அன்றன்றே எழுதுங்கள்.