171 போட்ட பூட்டு

கம்பெனி சர்வர் படுத்தா நம்ம வீட்டு பல்பும் படுத்துடும்னா, அதை எதுக்குங்க காசு குடுத்து வாங்கணும்? 2022 ஏப்ரல்ல அமெரிக்காவோட இன்ஸ்டியான் சர்வர் திடீர்னு நின்னப்போ, ஆப்பை நம்பினவங்க எல்லாம் அம்போ.

சரி, பல்புகிட்ட நாமளே நேரா பேசிக்கலாம்னா அதோட பாஷையைச் சொல்ல மாட்டாங்க. பிரிச்சுத்தான் பார்க்கணும். பழைய டிபி-லிங்க் காஸா சாதனங்களை 2016-லயே பிரிச்சு மேஞ்சுட்டாங்க. 9999 போர்ட், உள்ளே வெறும் ஜேசான். ஒவ்வொரு பைட்டையும் ஏற்கெனவே மறைச்ச முந்தின பைட்டோட எக்ஸார் பண்ணணும். முதல் பைட்டுக்கு மட்டும் 171. அவ்ளோதான் பூட்டு! (காலேஜ் லேப்லயே இதைவிடக் கஷ்டமா குடுப்பாங்க :-)) பாஸ்வேர்டு கிடையாது. வைஃபைக்குள்ள நுழைஞ்சவன் எவனும் லைட்டை அணைக்கலாம்.

ஆக, இந்த ரகசியம் திருடனைத் தடுக்கல, வாங்கினவனைத்தான் அலைய விட்டுச்சு. ஒழுங்கா பாஸ்வேர்டு வெச்சுட்டு, புரோட்டோகாலை வெளியில சொல்லிட வேண்டியதுதானே? லைஃபெக்ஸ் தன்னோட லேன் புரோட்டோகாலைத் தானே வெளியிட்டிருக்கு. குடியா முழுகிப் போச்சு?