ஐப்பசியில் தொட்டி கழுவினேன்

இந்த வாரம் பூந்தொட்டிகளைக் காலி செய்தேன். பூத்து முடிந்த காசித்தும்பையையும் செண்டுமல்லியையும் பிடுங்கி எருக்குழியில் போட்டேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தபோது, அக்டோபர் என்றால் 'ஒத்தொன்', இலை உதிரும் காலம் என்று பாடம். அப்படியே எழுதி மார்க்கும் வாங்கினேன். வெளியே ஐப்பசி மழையில் மரமெல்லாம் பச்சைப்பசேலென்று நிற்கும். இங்கே ஜவ்வாது மலையிலும் காடு இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில்தான்.

பிறகு இப்போது ஏன் இந்த வேலை? மழைக்காகத்தான். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீர் டெங்குக் கொசுவுக்குப் பிடித்த இடம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுப் பேரனைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டெங்கு. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். அந்தக் கொசு அதிக தூரம் பறக்காது. அன்று சாயங்காலம் பார்த்தால் என் தட்டுகள் மூன்றில் புழு நெளிந்தது. அதன் பிறகு அவன் தாத்தா முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

34 வருஷம் மனுக்களுக்குப் பதில் எழுதியவன் நான். மருந்தடிக்க ஆள் வரவில்லை என்று மனு எழுத ஐந்து நிமிஷம் போதும். எழுத வேண்டியதுதான். ஆனால் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மனு அவ்வளவு வேகமாக நகராது. ஆகையால் வாரம் ஒரு நாள் நாரை எடுங்கள். நான் எடுத்துவிட்டேன், கொஞ்சம் தாமதமாக.