பழைய பற்றாசு உறிஞ்சி

மின்னணுக் கருவிகளை வீட்டுப் பட்டறையில் பழுது பார்ப்போர்க்குப் பற்றாசை ஏற்றுவதினும் நீக்குவதே பெருந்தொல்லை. வெப்பமும் வெற்றிடமும் ஒருங்கே தரும் உறிஞ்சு நிலையம் அத்தொல்லையைக் குறைக்கும். புதியது விலை மிக்கதாதலால், மும்பை லாமிங்டன் சாலை போன்ற கடைத்தெருக்களில் பழையதை நாடுகின்றனர். நாடுவது தவறன்று, விளக்கு எரிவதைக் கண்ட மாத்திரத்தில் பணத்தை எண்ணிக் கொடுப்பதே தவறு.

இக்கருவியில் முதலில் தேய்வன துளையுள்ள முனையும், வடிகட்டியும், பம்பின் இரப்பர்ச் சவ்வுமாம். முனையின் இரும்புப் பூச்சு அழிந்திருப்பின், உள்ளிருக்கும் செம்பை உருகிய வெள்ளீயம் அரித்துவிடும். கருவி குளிர்ந்திருக்கையில் முனையை விரலால் அடைத்து இழுவிசையை அறிதல் வேண்டும். பின்னர்ச் சூடேற்றி, இருபக்கமும் செம்பு படிந்த பலகையில் தடித்த இணைப்பொன்றை நீக்கிக் காட்டும்படி கேட்டல் நன்று. ஒருபக்கப் பலகையில் எக்கருவியும் வெற்றி பெறும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியஸில் உருகும். இக்காலத்துக் காரீயமற்ற பற்றாசோ ஏறத்தாழ 217 பாகை கேட்கும். நலிந்த சூடேற்றி அங்கே தோற்கும்.

ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட்டுக்குரியதாயின், நம் 230 வோல்ட்டில் நேரே இணைத்தலாகாது; தகுந்த மின்மாற்றி வேண்டும். முனையும் வடிகட்டியும் இன்றும் விற்பனைக்கு உண்டா என்பதை விலை பேசுமுன் தெளிதல் வேண்டும். இல்லையேல் மலிவும் வீணே. ஆண்டுக்குச் சில பலகைகளே பழுது பார்க்கும் பள்ளிக்குக் கையுறிஞ்சியும் செம்புப் பின்னலும் போதும். பழைய கலத்தில் காரீயம் படிந்திருக்குமாதலால், மாணவர் கையில் கொடுக்குமுன் ஆசிரியரே அதனைத் துப்புரவு செய்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்வாராக.