கை தட்டினால் பறந்துவிடும்!

திருத்தணியிலிருந்து தினமும் சென்னைக்கு ரயிலில் போய் வருகிறவன் முன்னால் முருகனே தோன்றி, "என்னப்பா வேண்டும்?" என்று கேட்டால், "சத்தமே இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் உட்காரணும், சாமி!" என்றுதான் சொல்வான். மலைக்குப் போகக்கூடாதா என்பீர்கள். கிருத்திகை அன்று 365 படியும் ஏறிப் பாருங்கள். மேலே நிற்கவே இடம் கிடைக்காது. உட்காருவதாவது!

அதனால்தான் ஜனவரியில் ஒரு ஞாயிறு, ஆபீஸ் கோஷ்டி நாலு பேர் பழவேற்காட்டுக்குக் கிளம்பினோம். முதல் வண்டியில் சென்ட்ரல். அங்கே கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறிப் பொன்னேரி. பிறகு டவுன் பஸ். எங்களில் ஒருவன் ப்ளூடூத் ஸ்பீக்கரோடு வந்திருந்தான்.

"அமைதியைத் தேடிப் போறோம். இது எதுக்குடா?"

"அமைதி போரடிச்சா?"

பதில் சொல்ல முடியவில்லை.

பழவேற்காடு லேசுப்பட்ட ஏரி இல்லை. கடலும் ஆறும் கலக்கிற இந்த மாதிரி உப்புநீர் ஏரிகளில், ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரியது இதுதான். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கோட்டை கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு ஜாகை மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் இதுதான் அவர்களுக்குத் தலைமையிடம். கோட்டை போய்விட்டது. கல்லறைத் தோட்டம் மட்டும் இருக்கிறது. உள்ளே போனோம். பரம அமைதி! 'இந்த அமைதிக்கு இன்னும் வயசு இருக்கு' என்று உடனே வெளியே வந்துவிட்டோம்.

கரையில் நின்றால் பறவைகள் எங்கோ தூரத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. ஸ்பீக்கர் நண்பனுக்குப் பொறுக்கவில்லை. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவரிடம் போனான்.

"அண்ணே, படகுல ஒரு ரவுண்டு... காசு எவ்வளவு கேட்டாலும் தர்றோம்."

அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"வேணாம் தம்பி. இது வலை போடற படகு. நீங்க போட்டோ எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்வீங்க. படகும் சாயும். 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாது?"

எனக்குத் தெரியும். அந்த டிசம்பர் 25-ம் தேதி, லீவு நாளில் ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்தது. 22 பேர் செத்துப் போனார்கள். நம்மைப் போலவே ஒரு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள். நண்பன் பர்ஸை மெதுவாகப் பாக்கெட்டுக்குள் வைத்தான்.

"பறவைதானே பாக்கணும்? சூளூர்பேட்டை போங்க. அங்கேர்ந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோடு ஏரிக்கு நடுவுல போகுது. தரையில நின்னே பாக்கலாம்" என்றார் அவர்.

மறுபடி பொன்னேரி. மறுபடி ரயில். ஆந்திர எல்லையைத் தாண்டினோம். எல்லை என்றால் திருத்தணிக்காரனுக்கு ரத்தம் கொஞ்சம் சூடாகும். ம.பொ.சி. முன்னின்று நடத்திய போராட்டத்தால்தானே 1960 ஏப்ரல் 1-ல் நம்ம ஊர் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்தது! ஆனால் இந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான் இருக்கிறது. பறவைகளுக்கு ரேஷன் கார்டு கிடையாது. எந்தப் பக்கம் தண்ணீர் முழங்கால் ஆழமோ, அந்தப் பக்கம்.

சூளூர்பேட்டையில் ஆட்டோ பிடித்து ஏரி ரோட்டில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. நூற்றுக்கணக்கில் பூநாரைகள்! குச்சிக் கால். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, சேற்றுநீரை வடிகட்டிச் சாப்பிடுகின்றன. நம்ம வீட்டு டீ வடிகட்டி மாதிரி. அவை தின்கிற பாசியிலும் சின்ன இறாலிலும் இருக்கிற சத்துதான் இறகுக்கு ரோஜா நிறம் கொடுக்கிறதாம். சாப்பாட்டாலேயே மேக்கப்!

இங்கேதான் ஒரு தப்பு நடந்தது. செய்தது ஸ்பீக்கர் நண்பன் இல்லை. நான்!

கூட்டமாகப் பறந்தால் போட்டோ பிரமாதமாக இருக்குமே என்று ஓங்கிக் கை தட்டினேன். பறந்தன. வானம் ஒரு நிமிஷம் சிவந்தது. போட்டோவும் கிடைத்தது. ஆனால் திரும்பி வரவில்லை. தூரத்தில், மறுபடி வெள்ளைப் புள்ளிகளாகப் போய் இறங்கிவிட்டன.

"ஸார், நீங்க டிபன் பாக்ஸைத் திறக்கறப்போ மானேஜர் பெல் அடிச்சா எப்படி இருக்கும்?" என்றான் ஸ்பீக்கர் நண்பன்.

சுரீரென்றது. நாள் முழுக்க அடுத்தவன் மணிக்கு எழுந்து ஓடுகிறவன், லீவு நாளில் தானே மணியடிக்கிறவனாக மாறிவிட்டேனே!

சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிக் கொள்ளுகுடிப்பட்டி என்று ஒரு ஊர். கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட அங்கே பட்டாசு வெடிப்பதில்லை. குழந்தைகளே ஒரு தீபாவளியை விட்டுக்கொடுக்கிறார்கள். எனக்கு ஒரு போட்டோவை விட முடியவில்லை.

நாலு பேரும் ரோட்டோரம் உட்கார்ந்தோம். யாரும் பேசவில்லை. அரை மணி ஆனது. கொக்குகள் நாலைந்து முதலில் வந்தன. அப்புறம் ஒரு பூநாரை. அப்புறம் பத்து. இருட்டும் வரை எழுந்திருக்க மனசு வரவில்லை. ஸ்பீக்கர் பையிலேயே கிடந்தது.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல சீஸன். கூடவே ஒரு நாள் இருந்தால், சூளூர்பேட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் நேலபட்டு சரணாலயம். அங்கே கூழைக்கடாக்கள் தண்ணீரில் நிற்கிற மரங்களில் கூடு கட்டிக் குடும்பம் நடத்துகின்றன. பைனாகுலர் கொண்டு போங்கள். தண்ணீர், தொப்பி கொண்டு போங்கள். படகுக்காரர் 'வேண்டாம்' என்றால், பேரம் பேசாதீர்கள்.

கைகளை மட்டும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்!