யாருக்கு வேண்டும் கருணைத்தொகை?

ஒசூரைத் தாண்டி ஜுஜுவாடி சோதனைச்சாவடியைக் கடந்தால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. 2023 அக்டோபர் 7 அன்று அங்கே பட்டாசுக் கிடங்கு எரிந்ததில் 14 பேர் இறந்தார்கள். பின்னர் எண்ணிக்கை கூடியது. பெரும்பாலோர் தீபாவளி நேரத்துக் கூலிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள். படித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. தருமபுரி மாவட்டம் அம்மாபேட்டைக்கு மட்டும் பல உடல்கள் வந்து சேர்ந்தன.

தமிழக அரசு 3 லட்சம் அறிவித்தது, கர்நாடக அரசு 5 லட்சம். அதே ஆண்டு ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தபோது மாநிலம் 3 லட்சம், ஒன்றியம் 2 லட்சம். அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சி சாராயச் சாவுகளுக்கு 10 லட்சம்.

"குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து, உழைச்சுச் செத்தவனுக்கு மூணா?" என்ற கோபத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கோபம் தவறான வாசலில் நிற்கிறது. அந்தப் பத்து லட்சம் செத்தவனுக்கா போனது? அவன் விட்டுப்போன பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தானே? அவர்களிடம் கணக்குக் கேட்காதீர்கள். ஓர் உயிருக்கு மூன்று, ஐந்து, பத்து என்று எந்த விதியைப் பார்த்து விலை வைக்கிறீர்கள் என்று அரசைக் கேளுங்கள். விதி இல்லை. எவ்வளவு கூச்சல் எழுகிறதோ அவ்வளவு கருணை.

விதி இருக்கும் இடம் வேறு. அப்போது நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையில் இறந்த தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்கி முதலாளி இழப்பீடு தர வேண்டும். 20 வயதுக்குக் காரணி 224. சம்பளம் 15,000 என்றால் 16,80,000 ரூபாய். பருவகால வேலையானாலும் உரிமை உண்டு. வழக்குக்காகப் பெங்களூருக்கு அலைய வேண்டாம், தாய் தன் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். மரணச் செய்தி கிடைத்தால் இழப்பீட்டு ஆணையரே முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பலாம். அமைச்சர் காசோலை நீட்டும் படத்தில் இந்தச் செய்தியைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. மூன்று லட்சத்தை வாங்கியவள் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறாள். லாபம் யாருக்கு? முதலாளிக்கு.

அந்தச் சட்டத்தையும் நாம் கொண்டாட முடியாது. கணவனை இழந்த தாய்க்கு அதில் நேரடி உரிமை. கணவன் உயிரோடிருக்கும் தாயோ, மகன் சம்பாத்தியத்தை நம்பி வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டும். இருபது வருஷம் அவனுக்குச் சோறு பொங்கிய, துணி துவைத்த, காய்ச்சலில் விழித்திருந்த உழைப்பு எந்தப் படிவத்திலும் ஏறாது. அவனை வேலைக்குப் போகும் ஆளாக ஆக்கியது யார் என்று சட்டம் கேட்கவே இல்லை.

பெண்ணே இறந்தால்? ஜாம்ஷெட்பூரில் 1989-இல் நடந்த தீ விபத்து வழக்கில், 2001-இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பிட்டது. தொகை சொற்பம்தான். ஆனாலும் அது வேலை, அதற்கு விலை உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அரசாணைகள் இன்னும் அந்த இடத்துக்குக்கூட வரவில்லை.

ஆகவே நாம் கேட்பது இது. சட்டம் கணக்கிடும் முழு இழப்பீட்டையும் அரசே முதலில் கொடுக்கட்டும், பிறகு முதலாளியின் சொத்திலிருந்து வசூலிக்கட்டும். கிடங்குக்கு உரிமம் தந்த கைக்கு அந்தப் பொறுப்பும் உண்டு. விபத்து எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தால் இரு மாநில அதிகாரிகளும் பேசிக்கொள்ளட்டும். பிணத்தோடு ஊர் திரும்பும் தாயை அலைக்கழிக்க வேண்டாம். மனுவை மாவட்ட நிர்வாகமே எழுதித் தாக்கல் செய்யட்டும். பணம் அவள் பெயரிலுள்ள கணக்குக்கு வரட்டும். அவளுடைய உழைப்பும் அந்தக் கணக்கில் சேரட்டும்.

இவற்றில் எதற்கும் கருணை தேவையில்லை.