எத்தனை முறை பாலூட்டுவது?



"குழந்தை பிறந்து 12 நாட்கள் ஆகின்றன. மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை பால் கொடுத்தால் போதும் என்று வீட்டில் எல்லோரும் கூறுகின்றனர். இவனோ ஒன்றரை மணி நேரத்திலேயே அழத் தொடங்கிவிடுகிறான். எனக்குப் பால் போதவில்லை என்று பால்பவுடர் டப்பா வாங்கி வைத்துவிட்டார்கள். நான் என்ன செய்வது?"

தலைப்பிள்ளை பெற்ற ஓர் இளம் சகோதரி இவ்வாறு எழுதியிருந்தார். அவருக்குத் தனியே மறுமொழி அனுப்பிவிட்டேன். ஆயினும் இதே ஐயம் பல இல்லங்களிலும் இருப்பதால் இங்கும் எழுதுகிறேன்.

பிறந்த குழந்தை ஓர் இரவும் பகலுமான 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். இதைச் சம இடைவெளிகளாகப் பங்கிட்டுவிடக் கூடாது. சில வேளை ஒரு மணி நேரத்தில் கேட்கும். சில வேளை மூன்று மணி நேரம் உறங்கும். முதல் நாளில் ஒரு தடவைக்கு அது அருந்தும் சீம்பால் ஒரு தேக்கரண்டி அளவே இருக்கலாம். தாய்ப்பாலோ எளிதில் செரித்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற்குள் இரைப்பையை விட்டு இறங்கிவிடும். அப்படியிருக்க, ஒன்றரை மணி நேரத்தில் பசிப்பது இயல்பேயன்றிப் பால் குறைவுக்குச் சான்று ஆகாது.

மணி பார்த்துப் பாலூட்டும் வழக்கத்தைப் பெரிதும் பரப்பியவர்களுள் ஒருவர், நியூசிலாந்தில் 1907ஆம் ஆண்டு தாய்சேய் நலச் சங்கம் ஒன்றைத் தொடங்கிய மருத்துவர் டுரூபி கிங். நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை ஊட்டுக, இரவில் ஊட்டற்க என்பது அவரது போதனை. குழந்தைகளின் சாவைக் குறைக்க வேண்டும் என்ற அவரது நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை, கணக்குத்தான் தவறிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் 1989இல் வெளியிட்ட பத்து நெறிகளுள், குழந்தை கேட்கும்போதெல்லாம் பாலூட்டச் செய்க என்பதும் ஒன்று. 2018இல் அந்நெறி, குழந்தையின் பசிக் குறிப்பைத் தாய் அறிய உதவுக என்று இன்னும் தெளிவாக்கப்பட்டது.

பசிக் குறிப்பு என்பது அழுகை அன்று. தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தேடுதல், வாயைத் திறத்தல், உதட்டைச் சப்புதல், கையை வாய்க்குக் கொண்டு செல்லுதல் ஆகியவை முதலில் தோன்றும். அழுகை இறுதியில் வருவது. வீறிட்டு அழும் குழந்தையால் மார்பைச் சரிவரப் பற்றவும் இயலாது.

குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு சுரக்கும்; மார்பில் பால் தேங்கினால் சுரப்புத் தளர்ந்துவிடும். ஒரு வேளைக்கு டப்பாப் பால் புகட்டிவிட்டு அந்த வேளை மார்பைச் சும்மா விட்டால், மறுநாள் உண்மையாகவே பால் குறையத் தொடங்கும். பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோன் இரவில் மிகுதி. ஆகவே முதல் வாரங்களில் இரவுப் பாலைத் தவிர்க்கலாகாது. மாலையில் சில குழந்தைகள் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிட்டுக் குடித்துக்கொண்டே இருக்கும். தாய் அயர்ந்துபோவாள், மறுப்பதற்கில்லை. ஆனால் அதுவும் இயல்பானதே.

கேட்கும்போது கொடு என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதை நான் பட்டறிந்தவள். என் மூத்த மகள் பிறந்த முதல் வாரத்தில் அழவே மாட்டாள். ஐந்து மணி, ஆறு மணி நேரம் உறங்குவாள். "எவ்வளவு சமர்த்துப் பிள்ளை!" என்று வந்தவர்கள் எல்லாம் புகழ, நானும் பூரித்துக் கிடந்தேன். ஆறாம் நாள் என் உம்மா வந்தார். குழந்தையைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்த்தார். "காலையிலிருந்து எத்தனை துணி நனைந்தது மகளே?" என்று கேட்டார். இரண்டு என்றேன். உடனே மருத்துவரிடம் கொண்டு சென்றோம். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. கண்களில் மஞ்சள் படர்ந்திருந்தது. பசியால் சோர்ந்து கிடந்த பிள்ளையைத்தான் நாங்கள் சமர்த்து என்று கொண்டாடியிருந்தோம்.

ஆகவே, பிறந்த எடையை மீண்டும் எட்டும் வரை, பகலில் மூன்று மணி நேரத்திற்கு மேலும் இரவில் நான்கு மணி நேரத்திற்கு மேலும் உறங்கும் குழந்தையை எழுப்பியே பாலூட்ட வேண்டும். போர்வையை விலக்கி, உள்ளங்காலை மெல்லத் தேய்த்தால் விழிக்கும். குறைமாதக் குழந்தைக்கும் மஞ்சள்காமாலை கண்ட குழந்தைக்கும் இது மிகமிக அவசியம்.

போதுமான பால் கிடைக்கிறதா என்பதை என் உம்மா சொன்ன வழியிலேயே அறியலாம். முதல் நாள் ஒரு துணி, இரண்டாம் நாள் இரண்டு என ஏறி, ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறும் அதற்கு மேலும் நனைய வேண்டும். கருமையாக வந்த மலம் அதற்குள் மஞ்சளாகியிருக்க வேண்டும். (இக்காலத்து டயப்பர் ஈரத்தை மறைத்துவிடுவதால், முதல் இரண்டு வாரங்களுக்கேனும் துணியே கட்டுங்கள் என்பேன்.) முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது வழக்கம், இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும்.

நம் இல்லங்களில் இன்னொரு தடையும் உண்டு. நாற்பது நாட்களும் பிள்ளை பார்க்க வருவோர் அறையை நிறைத்திருப்பர். அத்தனை பேர் முன்னிலையில் நாணி, "அவர்கள் போகட்டும்" என்று தாய் ஒரு வேளைப் பாலைத் தள்ளிப்போடுகிறாள். அடுத்த கூட்டம் வந்துவிடுகிறது. ஈராண்டுப் பாலூட்டலைக் கூறும் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையைப் பொறுப்பாக்குகிறது. விருந்தினரை முற்றத்தில் அமர்த்தி, அறைக் கதவைச் சாத்திவைப்பதையும் அவரே ஏற்றுக்கொள்ளட்டும்.

தேன், சர்க்கரைத் தண்ணீர், கோடையில் வெந்நீர் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். தேனை ஒரு வயது வரை தொடவே கூடாது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு, நனையும் துணிகளை இரண்டு நாட்கள் எண்ணிவிட்டு, பதினான்காம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தையை எடை பார்க்குமாறு எழுதினேன். துணி ஆறுக்குக் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்தாலோ அந்நாள் வரை காத்திராமல் உடனே செல்லவும் சொன்னேன். எடை திரும்பியிருந்தால் டப்பாவைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம். திரும்பாவிடில், டப்பாவைத் திறக்கும் முன், குழந்தை மார்பைப் பற்றும் விதத்தைச் செவிலியரிடம் காட்ட வேண்டும். அதன் பின்னும் வேறு பால் தேவை என்று மருத்துவர் கூறினால், தயங்காமல் கொடுக்கலாம்.