மணி அடித்தால் வண்டி கிளம்ப வேண்டும்



நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்ததை முதலில் சொல்கிறேன். ஒரு நாள் மாலை, லயத்து வீடு ஒன்றின் அடுப்படியில் தீப்பிடித்தது. தோட்டத்து ஸ்டோரில் தீயணைக்கும் பம்பு ஒன்று இருந்தது. வாங்கிய நாளில் அதற்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்களாம். ஆண்கள் ஓடிப்போய் இழுத்து வந்தார்கள். என்ன பயன்? ரப்பர்க் குழாய் இற்றுப் போயிருந்தது. எஞ்சின் இருமியதே தவிர ஓடவில்லை. டவுனிலிருந்து பொம்பா வண்டி வந்து சேருவதற்குள் மூன்று வீடுகள் சாம்பலாகிவிட்டன.

உயிருக்குச் சேதமில்லை. ஆனால் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் முதல் பள்ளிச் சட்டை வரை எல்லாம் போயிற்று. அந்தப் பத்திரங்களுக்காக ஒரு தாய் எத்தனை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார் என்பது எனக்குத் தெரியும். மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

அந்தப் பம்பை வாங்கப் பணம் இருந்தது. அது பழசானால் மாற்றுவதற்குப் பணம் ஒதுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. சிறிய தோட்டம்தானே, இப்படித்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெரிய பட்டணங்களும் இதே தவற்றைச் செய்திருக்கின்றன.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலும் அந்தந்த ஊர் நிர்வாகமே தன் தீயணைப்பு வண்டிகளை வாங்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சும் வண்டி ஒன்றின் விலை இப்போது ஏறக்குறைய 10 லட்சம் அமெரிக்க டாலர். உயர்ந்த ஏணி பொருத்திய வண்டி என்றால் 20 லட்சம் வரை போகிறது. 15 வயதைத் தாண்டிய வண்டியை முன்வரிசையிலிருந்து எடுத்து உதவி வண்டியாக வைக்க வேண்டும், 25 ஆண்டுகளில் அதை மாற்றிவிட வேண்டும் என்பது அந்நாட்டுத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் பரிந்துரை.

பணத்துக்கு வழி என்ன? நான்கு வழிகள் உண்டு.

முதலாவது சேமிப்பு. ஒரு கணக்குப் போடுவோமா? 10 லட்சம் டாலர் வண்டிக்கு 15 ஆண்டுகள் சேர்த்தால் ஆண்டுக்குச் சுமார் 67,000 டாலர். ஆனால் விலை ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறினால், 15 ஆண்டு கழித்து அதே வண்டி 18 லட்சம் ஆகிவிடும். ஆகவே சேமிப்பையும் ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நம் பெண்கள் மாதம் தவறாமல் கூட்டுக் கட்டுவதில்லையா? அந்த ஒழுங்குதான் இதற்கும் வேண்டும்.

இரண்டாவது கடன் பத்திரம். பல ஊர்களில் இதற்கு மக்களிடமே வாக்குக் கேட்கிறார்கள். இதில் ஒரு விதியை மறக்கக் கூடாது. வண்டியின் ஆயுளைவிடக் கடனின் ஆயுள் நீளக் கூடாது. நீண்டால், இரும்புக் கடைக்குப் போன வண்டிக்கு நம் பிள்ளைகள் வட்டி கட்டுவார்கள்.

மூன்றாவது தவணைக் குத்தகை. நாம் மோட்டார் சைக்கிளைத் தவணைக்கு எடுப்பது போல, ஆண்டுதோறும் கட்டி முடித்தபின் வண்டி நகருக்குச் சொந்தமாகும்.

நான்காவது மத்திய அரசின் மானியம். இதுவும் முழுக்க இலவசமல்ல. 20,000 பேர் வரை உள்ள ஊர் 5 விழுக்காடும், அதற்கு மேல் 10 லட்சம் வரை உள்ள ஊர் 10 விழுக்காடும், அதையும் தாண்டிய நகரம் 15 விழுக்காடும் தன் பங்காகப் போட வேண்டும்.

வழிகள் இருந்தும் தவறிய ஊர் ஒன்று உண்டு. அதன் பெயர் டெட்ராய்ட். ஃபோர்டு போன்ற மோட்டார் கம்பெனிகளால் உலகப் புகழ் பெற்ற பட்டணம். நமக்கும் அதற்கும் பழைய உறவு இருக்கிறது. நம் முன்னோர் விடியற்காலையில் வெட்டிய பால், ரப்பராகிக் கப்பலேறி அமெரிக்க மோட்டார் வண்டிகளின் டயராக ஓடியது.

1950-இல் அந்த நகரில் சுமார் 18½ லட்சம் பேர் இருந்தார்கள். 2010-இல் 7 லட்சத்துச் சொச்சம்தான். தொழிற்சாலைகள் மூடின, மக்கள் வெளியேறினார்கள், வரி வருமானம் சரிந்தது. கையில் காசில்லாதவன் முதலில் எதைத் தள்ளிப் போடுவான்? இன்று கண்ணுக்குத் தெரியாத செலவைத்தான். நகரமும் அப்படியே செய்தது.

விளைவைக் கேளுங்கள். 2013 பிப்ரவரியில், உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலொழிய வண்டிகளின் ஏணியை உயர்த்தக் கூடாது என்று தீயணைப்பு வீரர்களுக்கு உத்தரவு வந்தது. காரணம், ஏணிகளுக்குப் பாதுகாப்புச் சோதனை நடக்கவில்லை! அவ்வாண்டின் முதல் மூன்று மாதங்களில், 36 ஆம்புலன்சுகளில் பெரும்பாலும் 10 முதல் 14 வரைதான் ஓடின. சில வண்டிகள் இரண்டரை லட்சம் மைலுக்கு மேல் ஓடிக் களைத்தவை. சில நிலையங்களில் அபாய மணிக்குப் பதிலாக, தொலைநகல் இயந்திரத்தின் மேல் நாணயம் போட்ட தகர டின்னை வைத்திருந்தார்கள் என்று 2014-இல் செய்தி வந்தது. தகவல் தாள் வெளியே வரும்போது டின் உருண்டு விழும். அந்தச் சத்தம்தான் மணி!

2013 மார்ச்சில் பெரிய கம்பெனிகள் சேர்ந்து, 23 ஆம்புலன்சுகளுக்கும் 100 போலீஸ் கார்களுக்குமாக 80 லட்சம் டாலர் கொடுத்தன. நல்ல காரியம்தான். ஆனால் ஆபத்தில் அழைத்தால் வர வேண்டிய வண்டி, நன்கொடையை நம்பியா ஓட வேண்டும்? அதே ஆண்டு ஜூலை 18-இல், சுமார் 1,800 கோடி டாலர் கடன் சுமையோடு டெட்ராய்ட் திவால் மனு கொடுத்தது. 2014 டிசம்பரில் அது மீண்டபோது, நகரச் சேவைகளைச் சீராக்கப் பத்தாண்டுகளுக்கு ஏறக்குறைய 170 கோடி டாலர் திட்டம் போட்டார்கள். தேய்ந்த வண்டிகளை மாற்றுவதும் அதில் சேர்ந்தது.

அந்தத் திவாலில், நகரத்துக்கு உழைத்து ஓய்வு பெற்ற பொதுப் பணியாளர்களின் ஓய்வூதியத்தில் 4.5 விழுக்காடு வெட்டப்பட்டது. பல வகைக் கடன்கள் சேர்ந்து செய்த வேலை அது. ஆனாலும் பாருங்கள், கணக்கைத் தள்ளிப் போட்டவர்கள் ஒரு பக்கம், கட்டியவர்கள் மறுபக்கம்.

நம் நாட்டு ஏற்பாடு வேறு. முன்பு மாநிலங்களும் நகராண்மைக் கழகங்களும் நடத்திய தீயணைப்புப் பணியை, 1976 ஜனவரி 1 முதல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. ஆகவே பொம்பா வண்டிக்கான பணம் மத்திய வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. ஏழை ஊர் தன் சின்னப் பையை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை. இது நமக்கு ஓர் ஆறுதல். ஆனால் வண்டிக்கு வயதாவதை எந்த அரசும் நிறுத்த முடியாது. முறை வந்ததும் மாற்றுகிறார்களா, தள்ளிப் போடுகிறார்களா என்பதுதான் எங்கும் கேள்வி.

உங்கள் தோட்டத்திலும் கேளுங்கள். பம்பைக் கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தார்கள்? குழாய்க்கு வயது என்ன? மாற்றுவதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறதா? தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுந்து மரியாதையாகக் கேட்டால் தவறில்லை. தீப்பிடித்தால் தயங்காமல் 999-ஐ அழையுங்கள். வண்டி வரும் பாதையில் எதையும் நிறுத்தாதீர்கள். பிறப்புப் பத்திரங்களை ஒரே பையில் போட்டு வாசலருகே, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டலாமா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். கிணறு வெட்டியிருக்கிறோம் என்று இருந்துவிட்டாலும் போதாது. கயிறு இற்றுப் போவதற்குள் புதுக்கயிறு வாங்கி வைக்க வேண்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.